பழைய ஹைஃபை ஸ்பீக்கர்: நம்ம பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழைச்சேனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் ஒரு பக்கம் கடல், பல இடங்களில் மறுபக்கம் களப்பு. பழைய ஸ்பீக்கர் திருத்துவது பற்றி வெளிநாட்டுக்காரர் எழுதி வைத்திருக்கும் குறிப்புகள் நல்லவைதான், ஆனால் அவை குளிர் நாட்டு வீட்டுக்குள் கிடந்த பெட்டிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உப்புக்காற்று, கறையான், குளவி, மாரி ஈரம் எதுவும் அவற்றில் வராது. அதனால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஆட்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

வீட்டில் ஒரு சோடிப் பழைய பெட்டி கிடக்கிறது. உடனே அம்ப்ளிஃபயரில் கொழுவிப் பார்க்கலாமா?

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். முன்துணியைக் கழற்றுங்கள். உள்ளே பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்தான் வூஃபர். அதன் ஓரத்தில் கோன் என்ற கூம்பையும் இரும்புச் சட்டத்தையும் சேர்க்கிற வளையம் இருக்கும், அதுதான் சரவுண்ட். அது உதிர்ந்திருந்தால் ஓடவிடாதீர்கள். பிடிமானம் இல்லாத கோன் ஒரு பக்கம் சாய்ந்து, அதன் பின்னாலுள்ள கம்பிச் சுருளான கொயில் காந்தத்தில் உரசும், ஒரு வளையத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை வூஃபரையே தின்றுவிடும்.

சரவுண்ட் முழுதாக இருந்தால் இரண்டு கையின் விரல்களையும் கோனில் சமமாக விரித்து வைத்து மெதுவாக உள்ளே அமுக்கி விடுங்கள். சத்தமில்லாமல் போய் வரவேண்டும். பிறகு மல்டிமீற்றரை ஓம் அளவில் வைத்துப் பெட்டியின் பின்பக்க இரண்டு முனையிலும் பிடியுங்கள். கடைசியாக ஒரு 1.5 வோல்ட் டோர்ச் பற்றரியை அதே முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். டப் என்று ஒரு சத்தத்தோடு கோன் அசைந்தால் வூஃபருக்கு உயிர் இருக்கிறது.

அம்ப்ளிஃபயரையும் நம்பவேண்டாம். ஸ்பீக்கர் எதுவும் கொழுவாமல், வொலியூமைப் பூச்சியத்தில் வைத்து, அதை ஓடவிட்டுச் சில நிமிடம் கழித்து ஸ்பீக்கர் முனைகளில் டீசி வோல்ட் எத்தனை என்று அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே என்றால் பயமில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் உள்ளே ட்ரான்சிஸ்டர் போயிருக்கிறது. அதில் கொழுவும் எந்த வூஃபரும் கொயில் கருகித்தான் வெளியே வரும். ஜப்பானில் உள்நாட்டுப் பாவனைக்குச் செய்த அம்ப்ளிஃபயர் என்றால் அது 100 வோல்ட்டுக்கு உரியது. நம்முடைய 230 வோல்ட்டில் நேரே குத்தினால் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

பெயர்த்தகடு விழுந்துவிட்டது. என்ன ஸ்பீக்கர், எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டியைப் பார்த்துச் சொல்வது கஷ்டம், வூஃபரைக் கழற்றினால் பாதி வேலை முடிந்துவிடும். பெட்டியைப் படுக்கவைத்து ஆணிகளைக் கழற்றி, வயர் எது எங்கே இருந்தது என்று ஃபோனில் படம் எடுத்துவிட்டுத் தூக்குங்கள். காந்தத்தின் பின்னாலும் சட்டத்திலும் என்ன அடித்திருக்கிறது என்று டோர்ச் பிடித்துப் பாருங்கள்.

அமெரிக்கச் சாமான் என்றால் பெரும்பாலும் ஈ.ஐ.ஏ. (அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம்) இலக்கம் இருக்கும். முதல் மூன்று இலக்கம் செய்தவர்: 220 என்றால் ஜென்சன், 137 சி.டி.எஸ்., 328 யூட்டா, 285 ரோலா. அடுத்து வருவது ஆண்டு, கடைசி இரண்டும் வாரம். 220712 என்றால் ஜென்சன், 7இல் முடியும் ஆண்டு, 12ஆவது வாரம். ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான் இருப்பதால் 1957ஆ 1967ஆ என்பதை மற்ற அடையாளங்களை வைத்து நீங்களே முடிவு செய்யவேண்டும்.

பிலிப்ஸ் இன்னும் லேசு. ஏடி என்று தொடங்கும் இலக்கத்துக்குப் பிறகு ஒன்றோ இரண்டோ எழுத்தும் ஓம் எண்ணும் வரும். டி8 என்றால் 8 ஓம் ட்வீட்டர் (கீச்சுச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர்), எஸ்க்யூ8 என்றால் மிட்ரேஞ்ச் (நடுச் சத்தத்துக்கு), டபிள்யூ8 என்றால் வூஃபர். ஏடி0160/டி8 என்று கண்டால் அது பிலிப்ஸின் ஒரு அங்குல டோம் ட்வீட்டர். பிலிப்ஸும் இங்கிலாந்தின் கெஃப் கம்பனியும் தங்கள் யூனிட்டுகளை (வூஃபர், ட்வீட்டர் போன்ற தனி உறுப்புகளை) மற்றக் கம்பனிகளுக்கும், பெட்டி அடித்துக்கொள்ளும் ஆட்களுக்கும் விற்றார்கள், அதனால் பெயரே இல்லாத ஒரு பெட்டிக்குள் நல்ல சாமான் இருக்கலாம். கெஃப் யூனிட்டில் எஸ்பி என்று தொடங்கும் இலக்கம் இருக்கும்: எஸ்பி1003 என்றால் பி110 என்ற 5 அங்குல வூஃபர், எஸ்பி1032 என்றால் டி27 ட்வீட்டர். பிபிசிக்காரர் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய மொனிட்டர் ஸ்பீக்கரில் இருந்ததும் இந்த இரண்டும்தான். ஓடாவி (தச்சர்) அடித்த ஒரு சாதாரணப் பெட்டிக்குள் இவை கிடந்தால் பெட்டியைத் தூக்கி எறிந்தாலும் யூனிட்டை எறியாதீர்கள்.

காலத்தைக் கணிக்க லேபிளில் நாட்டின் பெயரைப் பாருங்கள். மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1990க்கு முந்தியது. கென்வூட்டுக்குப் பதில் ட்ரியோ என்று இருந்தால் பழசு. 15 அல்லது 16 ஓம் என்று எழுதிய இங்கிலாந்து ஸ்பீக்கர் பெரும்பாலும் வால்வு அம்ப்ளிஃபயர் காலத்து வழக்கத்தில் வந்தது. நம்ம நாட்டுக்கே உரிய ஒரு அடையாளமும் உண்டு. விற்ற கடையின் ஸ்டிக்கரில் சிலோன் என்று இருந்தால் அது 1972 மே மாதத்துக்கு முந்திய ஸ்டிக்கராக இருக்கத்தான் இடமுண்டு. அதற்குப் பிறகு 1977 வரைக்கும் இறக்குமதி இறுக்கமாக இருந்தது, 1977 கடைசியில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகுதான் ஜப்பான் சாமான் கடைகளில் குவிந்தது. மத்திய கிழக்குக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவந்தவையும் அந்தக் காலத்தில் இருந்துதான் கூடுகின்றன. ஆகவே காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ ஒரு வீட்டில் பயனியர், சன்சுயி, சோனி பெட்டி கிடந்தால் முதலில் 70களின் கடைசியும் 80களும் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

காந்தத்தையும் பாருங்கள். தட்டையாக அகலமான கறுப்பு வளையம் என்றால் ஃபெரைட். ஒடுக்கமான, உயரமான, இரும்பு மூடி போட்ட காந்தம் என்றால் அல்னிக்கோவாக இருக்கலாம். 1978இல் சயரில் (இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசு) நடந்த சண்டையால் கோபால்ட் விலை எகிறியது, கோபால்ட் இல்லாமல் அல்னிக்கோ இல்லை, அதனால் பல கம்பனிகள் ஃபெரைட்டுக்கு மாறிவிட்டன. உடனே அல்னிக்கோதான் நல்லது என்று தொடங்கவேண்டாம். இரண்டிலும் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு.

8 ஓம் என்று எழுதியிருக்கிறது, மீற்றர் 6 காட்டுகிறது. கொயில் பழுதா?

இல்லை. மீற்றர் காட்டுவது டீசிக்கான தடை, பெட்டியில் எழுதியிருப்பது பாட்டு ஓடும்போது வரும் தடையின் ஒரு பொது அளவு. 8 ஓம் பெட்டி 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் பெட்டி 3இல் இருந்து 3.5 வரை. சோடி இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று 6, மற்றது 2 என்றால் கொயில் உள்ளுக்குள் ஷோர்ட். ஒன்றுமே காட்டவில்லை என்றால் வூஃபருக்கு வரும் பாதையில் எங்கோ அறுந்திருக்கிறது, அது கொயிலாகவே இருக்கவேண்டும் என்றில்லை. கோனில் இருந்து முனைக்கு வரும் பின்னல் வயர், பச்சை பூத்த முனை, உள்ளே விட்டுப்போன சோல்டர் எல்லாவற்றையும் பார்த்த பிறகு கொயிலைக் குற்றம் சொல்லுங்கள். இதில் ட்வீட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதன் முன்னால் கப்பாசிட்டர் இருப்பதால் மீற்றரின் டீசி அங்கே போகாது.

வூஃபர் ஓரத்து ஸ்பன்ஜ் தொட்டதும் மாவாக உதிர்கிறது. ஸ்பீக்கர் போச்சா?

போகவில்லை. இதுதான் ஆகக் கூடுதலாக வரும் பழுது, கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டிலேயே முடிக்கக்கூடிய வேலையும் இதுதான்.

அந்த ஸ்பன்ஜ் பொலியூரதேன். காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளுக்குள் உடைத்துக்கொண்டே இருக்கும், பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் அது நடக்கும். நம்ம பக்கத்து ஈரத்தில் இன்னும் வேகம். ஆனால் எல்லாச் சரவுண்டும் ஸ்பன்ஜ் இல்லை. ரப்பர் சரவுண்ட் பல பத்தாண்டு தாங்கும், கெஃப் பி110 போன்றவற்றில் இருப்பது அதுதான். துணிச் சரவுண்ட் உதிராது, ஆனால் மேலே பூசிய பசை காய்ந்து இறுகலாம். நகத்தால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்: பிசுபிசுத்து உதிர்ந்தால் ஸ்பன்ஜ், இழுபட்டுத் திரும்பினால் ரப்பர்.

புது வளையம் வாங்க 8 அங்குலம், 10 அங்குலம் என்று மட்டும் சொன்னால் பிழையானது வரும். நான்கு அளவு எடுங்கள். சட்டத்தில் ஒட்டும் வெளி விட்டம், வளைவின் வெளிப்பக்கம், வளைவின் உட்பக்கம், கோனில் ஒட்டும் உள் விட்டம். வளையம் கோனின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா பின்பக்கமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பன்ஜ் இருந்த இடத்துக்கு ஸ்பன்ஜ்தான் போடவேண்டும். "ரப்பர் நீடிக்கும்" என்று தடித்த ரப்பர் வளையத்தை ஒட்டினால் கோனின் அசைவு மாறும், அந்த ஸ்பீக்கருக்கு இருந்த பேஸ் வேறொன்றாகிவிடும். எனக்கு அது பிடிக்காது. 10, 15 வருடத்தில் திரும்ப மாற்றினால் போகிறது.

பழைய பசையைச் சட்டத்தில் சுரண்டி எடுக்கலாம், கடதாசிக் கோனில் சுரண்டக்கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து மெதுவாக உருட்டி எடுங்கள். அசிட்டோன் பக்கமே போகவேண்டாம், சில பிளாஸ்டிக் கோன்களையும் கொயில் பசையையும் அது கரைத்துவிடும். முதலில் வளையத்தைக் கோனில் ஒட்டி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சட்டத்தில் ஒட்டும்போதுதான் வித்தை இருக்கிறது: கொயில் நடுவில் நிற்கவேண்டும். நடுவிலுள்ள தூசி மூடியை வடிவாக வெட்டித் திறந்து, பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கீலமாக வெட்டிக் கொயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையே சுற்றிவர வைத்து ஒட்டுவது ஒரு வழி. மூடியைத் திறக்க விருப்பமில்லை என்றால், ஃபோனில் 30 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு ஒலியை எடுத்துச் சின்ன வொலியூமில் ஓடவிட்டு, பசை ஈரமாக இருக்கும்போதே கோனை இங்கும் அங்கும் நகர்த்தி உரசல் இல்லாத இடத்தில் நிறுத்தி, உடுப்புக் கொழுவும் கிளிப்பால் சுற்றிவரப் பிடித்து விடலாம். கடதாசிக் கோனுக்கு ஓடாவிமார் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும். பொலிப்ரொப்பிலீன் கோனில் அது பிடிக்காது, அதற்கென்றே உள்ள பசை வேண்டும். சுப்பர் குளூ எதற்கும் வேண்டாம், இறுகிக் கண்ணாடியாக உடையும்.

சவுண்ட் சேர்விஸ்காரர் முழுக் கோனையும் மாற்றித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஓடும் 12, 15 அங்குல ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றுவதில் அவர்களை அடிக்க ஆளில்லை. ஆனால் அவர்களிடம் இருக்கும் கோன் செட் அந்த வேலைக்கு உரியது: கனமான கொயில், இறுகிய ஸ்பைடர் (கொயிலை நடுவில் பிடிக்கும் நெளிவுத் துணி), தூரம் கேட்கும் சத்தம். வீட்டு ஹைஃபை வூஃபருக்கு லேசான, நன்றாக ஆடும் கோன்தான் வேண்டும். மாற்றிய பிறகு சத்தம் வரும், ஆனால் பேஸ் வராது, ஏன் என்று யாருக்கும் விளங்காது. கொயில் கருகியிருந்து வேறு வழியே இல்லை என்றால் கொயிலை மட்டும் அதே அளவு, அதே சுற்று, அதே ஓமில் சுற்றி பழைய கோனிலேயே ஏற்றித் தருவாரா என்று கேளுங்கள். அதைச் செய்யக்கூடிய ஒரு கையாள் ஊரில் இருந்தால் அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

அமுக்கினால் கரகரக்கிறது. ஒன்று அசையவே மாட்டேன் என்கிறது.

கடலோரத்தில் இதற்கு முதல் சந்தேகம் துரு. கொயில் ஆடுகிற இடைவெளி ஒரு மில்லிமீற்றர் அளவுதான், அதன் இரு பக்கமும் இரும்பு. உப்பு ஈரம் உள்ளே போய் இரும்பு துருப்பிடித்தால் துரு வீங்கி அந்த இடைவெளியை அடைத்துக் கொயிலைப் பிடித்துக்கொள்ளும். லேசான கரகரப்பு என்றால் தூசி மூடியைத் திறந்து, டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி மடித்து இடைவெளிக்குள் விட்டுச் சுற்றி எடுத்தால் துருத்தூளும் இரும்புத்தூளும் ஒட்டி வரும். ஊதாதீர்கள், காந்தம் திரும்ப இழுத்துக்கொள்ளும். துரு இறுகிப்போயிருந்தால் கோனை முழுதாகக் கழற்றாமல் வழியில்லை.

இரண்டாவது, யாரோ கீழே போட்டிருப்பார்கள். ஃபெரைட் காந்தம் பசையில்தான் நிற்கிறது, விழுந்த அடியில் அது ஒரு நூல் நகர்ந்தாலும் கொயில் சிக்கிவிடும். காந்தத்துக்கும் தட்டுக்கும் இடையே பழைய பசையின் கோடு வெளியே தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. மூன்றாவது, வூஃபர் ஒரே நிலையில் பல வருடம் நின்று பாரத்தால் கீழே தொய்வது. மேல்பக்கம் கீழே வரும்படி 180 பாகை திருப்பிப் பூட்டுங்கள், செலவில்லாத வைத்தியம்.

ட்வீட்டர் சத்தமே இல்லை.

முதலில் பெட்டியில் ட்ரெபிள் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருந்தால் அதை இரண்டு பக்கமும் நன்றாகத் திருப்புங்கள். திருப்பும்போது கரகரத்து இடையில் உயிர் வந்து போனால் ட்வீட்டரில் பிழையில்லை, குமிழ் ஒக்சிடாகி இருக்கிறது, கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் திருப்பிக்கொண்டே இருங்கள். பழைய ஏஆர் (அக்கூஸ்டிக் ரிசேர்ச்) ஸ்பீக்கரில் இது தெரிந்த நோய். உப்புக்காற்றில் எல்லாப் பெட்டிக்கும் வரும்.

அடுத்து ட்வீட்டரைக் கழற்றி, ஒரு வயரையாவது விடுவித்துவிட்டு மீற்றரில் பாருங்கள். 8 ஓம் ட்வீட்டர் 5இல் இருந்து 7 காட்டினால் கொயில் நல்லது, அப்படியென்றால் கப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். ஒன்றும் காட்டாவிட்டால் கொயில் அறுந்துவிட்டது. கொயில் நல்லது, கப்பாசிட்டரும் நல்லது, ஆனால் சத்தம் மங்கல் என்றால் காந்த இடைவெளியில் இருக்கும் ஃபெரோஃப்ளூயிட் என்ற எண்ணெய் காய்ந்து பிசினாகி இருக்கலாம். அது எல்லா ட்வீட்டரிலும் இல்லை, 70களின் பிற்பகுதியில் இருந்து வந்தவற்றில்தான் எதிர்பார்க்கலாம். கழற்றித் துடைத்துப் புதிது விடவேண்டும்.

ட்வீட்டர் ஏன் எரிகிறது என்றால் பெரும்பாலும் பெரிய அம்ப்ளிஃபயரால் இல்லை. சின்ன அம்ப்ளிஃபயரை முறுக்கி முறுக்கி அது திணறும்போது அலையின் தலை வெட்டுப்பட்டு மேல் அதிர்வெண்கள் பெருகும், அந்தச் சூடு முழுக்க ட்வீட்டர் தலையில்தான். பெருநாள் வீட்டிலும் பிறந்தநாள் வீட்டிலும் எரிந்த ட்வீட்டர்களின் கதை இதுதான்.

ஒரு எச்சரிக்கை. 1974இல் வந்த யமஹா என்எஸ்-1000எம் போன்றவற்றில் டோம் பெரிலியத்தால் ஆனது. உடைந்திருந்தால் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். பள்ளம் விழுந்த துணி டோமையும் கடதாசி மூடியையும் டேப் ஒட்டி மெதுவாக இழுத்து நிமிர்த்தலாம். உலோக டோமில் அந்த விளையாட்டு வேண்டாம்.

கப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா?

இல்லை. ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிரொஸ்ஓவர் பலகையில் உருளையாக இருக்கும் பைபோலர் (பிளஸ் மைனஸ் பக்கம் இல்லாத) எலக்ட்ரோலிட்டிக்தான் காய்ந்து போகும். ஃபிலிம் கப்பாசிட்டர் பெரும்பாலும் நம்மைவிட நீண்ட நாள் இருக்கும். பலகையிலுள்ள கொயில், ரெசிஸ்டர்களைத் தொடவேண்டாம், அளந்து பிழை கண்டால் மட்டும் மாற்றுங்கள்.

அளவு மாறக்கூடாது. 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் ஒரு 4.7 மைக்ரோஃபரட் மட்டும் இருந்தால் பிரிக்கும் இடம் ஏறக்குறைய 4,200 ஹேர்ட்ஸ். அந்த இடத்தில் 10 போட்டால் அது 2,000க்குக் கிட்ட இறங்கி, ட்வீட்டர் தாங்கமுடியாத வேலையைச் செய்யவேண்டி வரும். இங்கே கடைகளில் பைபோலர் கிடைப்பது கஷ்டம். கொழும்புக்குப் போகிறவரிடம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் பார்க்கச் சொல்லலாம். அவசரத்துக்கு இரண்டு சாதாரண 10 மைக்ரோஃபரட்டை மைனஸும் மைனஸும் சேர்த்துத் தொடராக சோல்டர் செய்தால் பைபோலர் மாதிரி நடக்கும், அளவு 5 ஆகும். பவர்சப்ளைக்குப் போடும் சாதாரணக் கப்பாசிட்டரைத் தனியே ஒன்று போடாதீர்கள், பிளஸ் மைனஸ் மாறி மாறி வரும் இடத்தில் அது நிலைக்காது. வோல்ட் 50க்குக் குறையாமல் இருக்கட்டும்.

எலக்ட்ரோலிட்டிக்கை எடுத்துவிட்டு நல்ல ஃபிலிம் போட்டால் சிலவேளை ட்ரெபிள் குத்தும். பழையதற்குள் இருந்த சிறிய தடை இப்போது இல்லை. அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால் அடங்கும். மாற்றினால் இரண்டு பெட்டியிலும் மாற்றுங்கள், ஒன்றில் மட்டும் வேண்டாம்.

இரண்டும் பாடுகிறது, பேஸ் மட்டும் இல்லை.

வயர் மாறியிருக்கும். ஒரு பெட்டியில் மட்டும் இரண்டு வயரையும் மாற்றிக் கொழுவிப் பாருங்கள், பாதிப் பேருக்கு இங்கேயே முடிந்துவிடும். ஒரு கோன் வெளியே வரும்போது மற்றது உள்ளே போனால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடுபவரின் குரலும் நடுவில் நிற்காது. பற்றரியால் பார்க்கலாம்: பிளஸ்ஸைச் சிவப்பில் தொட்டால் கோன் வெளியே வரவேண்டும். பழைய ஜேபிஎல்லில் இது தலைகீழ், சிவப்புக்குப் பிளஸ் கொடுத்தால் உள்ளே போகும், அது பழுதில்லை. பிலிப்ஸ், க்ருண்டிக்கில் வரும் ஒரு தட்டை ஒரு உருண்டை முள் கொண்ட பிளக்கை வெட்டி மாற்றினால் கட்டாயம் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

பிறகு காற்றுக் கசிவு. ஓட்டையில்லாத மூடிய பெட்டி என்றால் வூஃபரை அமுக்கி விட்டால் மெதுவாகத் திரும்பி வரவேண்டும், டக்கென்று வந்தால் எங்கோ கசிகிறது: ஆணித் துவாரம், காய்ந்த கஸ்கெட், பின்பக்க முனைத்தட்டு. செலஸ்டியன் டிட்டன் 15 போன்றவற்றில் காந்தமில்லாத இரண்டாவது கோன் ஒன்று இருக்கும், அது பழுதான வூஃபர் இல்லை. அதை அமுக்கினால் உண்மையான வூஃபர் வெளியே தள்ளவேண்டும், தள்ளினால் பெட்டி இறுக்கம்.

பெட்டியில் குழாய்த் துவாரம் இருந்தால் டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். குளவி மண்கூடு கட்டி அடைத்திருக்கும். நம்ம பக்கம் இது அடிக்கடி நடக்கிறது. கூட்டை உடைத்து எடுக்கும்போது மண் உள்ளே வூஃபரின் பின்பக்கம் விழாமல் துவாரம் கீழே பார்க்கும்படி பெட்டியைத் திருப்பிச் செய்யுங்கள்.

பெட்டி வெள்ளத்தில் நனைந்தது. கறையானும் ஏறியிருக்கிறது.

பெரும்பாலான பெட்டிகள் சிப்போர்ட், மேலே மரத்தோல். ஒருமுறை ஊறிய சிப்போர்ட் பழையபடி வராது. மூலை மட்டும் வீங்கியிருந்தால் நிழலில் வாரக்கணக்கில் காயவிட்டு, சின்னத் துளை போட்டு வெள்ளைப் பசையை ஊசியால் ஏற்றி இரண்டு பக்கமும் பலகை வைத்து இறுக்கலாம். வெயிலில் போட்டால் மரத்தோல் கழன்று சுருளும். கடல்நீர் என்றால் வேறு கதை. உப்பு உள்ளே தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கரையோரத்தில் பழைய பெட்டி வாங்கினால் அடிப்பலகையின் உட்பக்கத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறதா பாருங்கள். 1978 சூறாவளியையும் 2004 டிசம்பர் 26ஐயும் கண்ட சாமான் இன்னும் வீடுகளில் இருக்கிறது.

கறையான் தின்ற பெட்டிக்கு விரலால் தட்டிப் பார்ப்பதுதான் பரிசோதனை. வெறுமையாகக் கேட்டால் புதிதாக அடியுங்கள். உள்ளளவும் முன்பலகையின் தடிப்பும் துவாரக் குழாயின் விட்டமும் நீளமும் பழையதுபோலவே இருக்கவேண்டும். ஓடாவியார் தேக்கில் அடிக்கலாம் என்று ஆசை காட்டுவார். தேக்குப் பலகை மாரிக்கு விரிந்து கோடைக்குச் சுருங்கிப் பொருத்தில் வெடிக்கும். 18 மில்லிமீற்றர் நல்ல ப்ளைவுட்டில் அடித்து மேலே தேக்குத் தோல் ஒட்டச் சொல்லுங்கள். மினுக்கத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், எறும்பு வரும், பிறகு மணக்கும்.

ஸ்டிக்கரில் 1000 வோட்ஸ் பிஎம்பிஓ (ஒரு கணத்து உச்ச சக்தி என்று சொல்லும் அளவு) என்று இருக்கிறது. உண்மையா?

பொய். அந்த செட்டின் பின்னால் மின்சாரம் எத்தனை வோட்ஸ் எடுக்கும் என்று எழுதியிருக்கும், 60 என்று இருந்தால் 60க்கு மேல் தொடர்ந்து எங்கிருந்து வரும்? 70களின் நல்ல பெட்டிகளில் பல 30, 40 வோட்ஸ் என்றுதான் எழுதின, வீட்டு அறைக்கு அது தாராளம்.

கோயில் ஹோர்ன் ஒன்று இருக்கிறது. வீட்டு அம்ப்ளிஃபயரில் போடலாமா?

போட்டாலும் பேஸ் வராது, அது பேச்சு தூரம் போகச் செய்தது. உள்ளே 100 வோல்ட் லைன் ட்ரான்ஸ்ஃபோமர் இருந்தால் நேரே கொழுவக்கூடாது.

பழைய வால்வு ரேடியோவின் ஸ்பீக்கருக்கு நாலு வயர். ஏன்?

அதில் நிலைக்காந்தம் இல்லை. மின்சாரம் ஓடும் ஒரு கொயில்தான் காந்தம், அதுவே ரேடியோவின் பவர்சப்ளையில் இரைச்சலை வடிக்கும் சோக்காகவும் வேலை செய்யும். அதனால் வேறு ஸ்பீக்கர் மாற்றினால் ரேடியோவே ஓடாது. அந்த வயர்களில் சில நூறு வோல்ட் இருக்கும், ரேடியோவை நிறுத்திய பிறகும் கப்பாசிட்டரில் தங்கி இருக்கும். வால்வு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், வீட்டில் பரீட்சிக்கிற இடம் இது இல்லை.

திருத்திய பிறகு எதைப் போட்டுக் கேட்டுப் பார்ப்பது?

பேச்சு. வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரல் மூக்கால் வருகிறதா, பெட்டிக்குள் இருந்து வருகிறதா என்று உடனே தெரியும், மனிதக் குரலைப் பிழை பிடிக்கக் காது பழகியிருக்கிறது. பிறகு ஒற்றை நாதஸ்வரம்: ட்வீட்டர் சேரும் இடத்தில் பிழை இருந்தால் அது மேலே போகப் போகக் குத்தும். பேஸுக்குக் கூத்து மத்தளம் நல்ல சோதனை, தொப்பி என்ற கனத்த சத்தப் பக்கத்து அடி இறுக்கமாக நின்று அடங்கவேண்டும், இழுபட்டால் கசிவு. கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு நேரத்தில் பதிந்த உடுக்கு ஒலிப்பதிவு கையில் இருந்தால் அதையும் போடுங்கள். இந்த எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் மட்டும், பிறகு மற்றதில் மட்டும் என்று மாற்றி மாற்றிக் கேட்டால் சோடிக்குள் இருக்கும் வித்தியாசம் வெளியே வரும்.

வாங்கும்போது எதைப் பார்த்து ஏமாறுகிறார்கள்?

முன்துணியில் ஒட்டிய பெயரை. பெயர்த்தகடு தனியே விற்கிறது. ஒரு வூஃபரையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் காசைப் பைக்குள் வையுங்கள். ஆணித் தலை சிதைந்திருக்கிறதா, இரண்டு வூஃபரிலும் ஒரே இலக்கமா, காரில் இருந்து பிடுங்கிய ஸ்பீக்கரை உள்ளே பொருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். உதிர்ந்த ஸ்பன்ஜோடு கிடக்கும் அசல் சோடியை, பளபளவென்று புதுக் கோன் போட்ட சோடியைவிட நான் முதலில் எடுப்பேன். ஸ்பன்ஜை மாற்றலாம், தொலைந்த யூனிட்டை எங்கே தேடுவது?

மாரி காலத்தில் எப்படி வைப்பது?

சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள், கீழே கட்டை கொடுங்கள், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பொலித்தீனால் மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், பருத்தித் துணி போதும். கோனில் பூத்தால் காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், ஈரத்துணி வேண்டாம். குழாய்த் துவாரத்தில் மெல்லிய வலைத்துண்டு ஒன்றைக் கட்டிவிட்டால் குளவியும் பல்லியும் போகாது, பாட்டுப் போடும்போது கழற்றிவிடலாம். வயர் நுனியை வருடத்துக்கு ஒரு தடவை வெட்டிப் புதிதாகச் சீவுங்கள், நம்ம ஊரில் செம்பு உறைக்குள்ளேயே கறுக்கும். ஏப்ரல், ஒக்ரோபர் பின்னேரங்களில் இடி தொடங்கினால் அம்ப்ளிஃபயரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது.